பொழுது சாயும் வரை மௌனம்

காசிநாதன் எழுதிய மனுவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தேதியில்தான் மனிதர் கோட்டை விட்டுவிட்டார். 'எங்கள் ஜனங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் ஊரிலேயே இருக்கும் நாளாகப் பார்த்து, வைகாசிப் பௌர்ணமியன்று தாங்கள் நேரில் வந்து எங்கள் கிணற்றைப் பார்வையிட வேண்டும்' என்று எழுதி, ஊர் முழுக்கக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி அனுப்பினார். ஹெல்த் ஆபீசரும் அதே தேதியில் வருவதாகப் பதில் போட்டார். அந்தப் பதிலை விகாரையில் உரக்கப் படித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் பின்வரிசையிலிருந்து தாயாரம்மாள் கேட்டாள்.

"ஐயா, அன்னிக்கு நாம யாரும் வாயத் தொறக்க மாட்டோமே. அவரு எதுனா கேட்டா இன்னா பண்றது?"

காசிநாதனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பௌர்ணமியன்று பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது கரைமேட்டுப் பௌத்த சங்கத்தின் கட்டுப்பாடு. அதை ஏற்படுத்தியவரே அவர்தான். வாய் தவறிப் பேசிவிட்டவர் வரிசையை விட்டு எழுந்து, தனியே போய் உட்கார வேண்டும். அதுவும் அவர் வைத்த சட்டம்தான்.

"சிலேட்டுல எழுதிக் காட்டறேன். மனுவுலயே எல்லாம் இருக்குது. அப்புறம் இன்னா பயம்?" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. தாயாரம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

விகாரை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரை மேட்டில், தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று. உள்ளே சிமெண்டில் செய்த புத்தர் ஒருவர். மூக்கு கொஞ்சம் சப்பை, ஆனாலும் நல்ல சிரிப்பு. ஊரில் முக்கால்வாசிப் பேர் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர்கள். "கொல்லாமை பேசிக்கிட்டே தோலை ஊற வெக்கிறீங்களே, இது இன்னா நியாயம்?" என்று சந்தையில் கேலி செய்வார்கள். "செத்த மாட்டத்தான் ஊற வெக்கிறோம், நாங்க ஒண்ணும் சாவடிக்கல" என்று இவர்களும் திருப்பிக் கொடுப்பார்கள். சங்கம் சாராயத்தை நிறுத்தியது, பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது, கிணற்றைச் சுற்றிப் புங்கன் நட்டது. கண்ணை மூடி உட்காருவது ஊருக்கு உபயோகப்படவில்லை என்றால் அது வெறும் தூக்கம் என்பது காசிநாதனின் கட்சி.

அந்தக் கிணறுதான் இப்போது கெட்டுப் போயிருந்தது. மாசியில் தண்ணீர் லேசாகக் கரித்தது. கோடைக்கு முன்னால் கிணறு இறங்கினால் கரிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். பங்குனியில் நிறமே மாறிப்போய், சோறு வடித்தால் சோறு பழுப்பாக நின்றது. அதன் பிறகு குடிக்கிற தண்ணீருக்கு அரை மைல் நடந்து சுகரா பேகம் வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள். அந்தப் புண்ணியவதி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவ்வளவு ஜனத்துக்கு ஒரு வீட்டுக் கிணறு எத்தனை நாள் தாங்கும்? அதுவும் இப்போது அடியில் சேறு கலக்க ஆரம்பித்திருந்தது.

தோல் ஷாப்பின் கழிவுதான் கிணற்றில் இறங்குகிறது என்பது சங்கத்தின் சந்தேகம். எங்கள் கழிவு ஆற்றுப் பக்கத்துக் குழிக்குப் போகிறது, ஊர்ப் பக்கத்துப் பழைய கால்வாய்க்குப் பலகை போட்டு அடைத்து வருஷக்கணக்காகிறது என்பது ஷாப்பின் பதில். பலகை அடைத்திருந்தது நிஜம். அதைத் தை மாதத்திலிருந்து தினமும் சாயங்காலம் தூக்கிவிட்டவள் அமிர்தவள்ளி என்பதும் நிஜம்.

அவள் ஷாப்பில், தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். கூட்டிப் பெருக்கிவிட்டுக் கடைசியாக வெளியே வருகிறவள் அவள்தான். பொங்கல் கழிந்த ஒரு நாள் மேஸ்திரி சுந்தரமூர்த்தி அவளைக் கூப்பிட்டார்.

"ஆத்துப் பக்கத்துக் கால்வா தூந்து போச்சும்மே. இந்த வாரம் மட்டும் பழைய கால்வால வுடு. பலகையத் தூக்கி வெச்சிட்டு, அரை மணி கழிச்சி எறக்கிடு. யாருகிட்டயும் மூச்சு வுடாத."

"அந்தாண்ட எங்க கெணறு இருக்குதே மேஸ்திரி."

"கெணறு எங்க, கால்வா எங்க? எல்லாத்தையும் மணலு வடிகட்டிடும்."

ஒரு வாரம் என்றது ஒரு மாதமானது, நாலு மாதமானது. நடுவில் கொட்டகையில் ஆறு பெண்களை நிறுத்தினார்கள், அமிர்தவள்ளியை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அவளுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். புருஷன் கோலார் சுரங்கத்துக்குப் போய் மூன்று வருஷமாகிறது. கடிதம் கூட வருவதில்லை. ஆறு வயசு சந்திராவை வைத்துக்கொண்டு அவள் வேறு எங்கே போவாள்? ஊரே விளக்கு வைக்கும் நேரத்துத் தியானத்துக்கு விகாரையில் கூடியிருக்கும்போது, தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாய் மணலில் இறங்குவதை அவள் நின்று பார்ப்பாள். விடிவதற்குள் மணல் குடித்துவிடும். நாற்றம் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து ஜனத்துக்குத் தோல் நாற்றம் இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும்.

பிறகு தாமதமாக விகாரைக்குள் நுழைந்து பின்வரிசையில் உட்காருவாள். நாலாவது சீலம் சொல்லும்போது, பொய் சொல்ல மாட்டேன் என்கிற இடத்தில், வாயை மட்டும் அசைப்பாள். பொய் எங்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லையே என்று மனசைச் சமாதானம் செய்வாள். மனசு கேட்டால்தானே! கண்ணை மூடினால் மூச்சுக்குப் பதில் பலகைதான் வந்து நிற்கும்.

மாசிக் கடைசியில் தாயாரம்மாளின் ஒன்றரை வயசுப் பையன் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் எதனால் என்று சொல்லவில்லை. குழந்தைகள் அந்த நாளில் எத்தனையோ காரணத்தால் போய்க்கொண்டிருந்தன, தண்ணீர்தான் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. அமிர்தவள்ளி இதைத் தனக்குத் தானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஆகையால், உள்ளதைச் சொன்னால், பௌர்ணமி மௌனம் அவளுக்கு ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. யாரும் பேச முடியாத நாளில் அவள் பேசவில்லை என்று எவன் குற்றம் சொல்வான்?

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி பலகைக்கு மேலே ஈரமண் பூசி, புல் கரணைகளைப் பெயர்த்து வந்து பதித்தார். கையைக் கழுவிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "ஆபீசர் வந்தா யாரும் பேச மாட்டீங்களாமே? நல்ல சங்கம்மே உங்க சங்கம். கொட்டகையில ரெண்டு பேரு போதும்னு மொதலாளி சொல்றாரு. உன் பேரு அதுல இருக்குது, பேஜார் பண்ணிக்காத."

பௌர்ணமியன்று காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. கிணற்றடிப் புங்க மர நிழலில் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆபீசர் ஜட்காவில் வந்து இறங்கினார். கூடவே, அழைக்காத சம்பந்தி மாதிரி, சுந்தரமூர்த்தியும் வந்து நின்றார்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. வாளி இறக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஊற்றி மோந்து பார்த்து, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி மோசம்தான். அதுல சந்தேகமே இல்ல. எதனால மோசம்ங்கிறதுதான் கேள்வி."

"இந்தப் பக்கத்து மண்ணே உப்பு சார். நூறடி தோண்டினாலும் இதான்" என்றார் மேஸ்திரி. கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கால்வாயைக் காட்டினார். பலகை இருக்கும் இடத்தில் புல் அழகாக இருந்தது. ஆபீசர் குடையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஷாப் கழிவு கிணத்துல இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. யாராவது கண்ணால பார்த்தீங்களா?"

காசிநாதன் சிலேட்டில் எழுதிக் காட்டினார். ஆபீசர் படித்தார்.

"'நம்புகிறோம்'னு எழுதினா நான் என்ன செய்யறது ஐயா? பார்த்தீங்களா, இல்லையா?"

காசிநாதன் சிலேட்டைத் துணியால் துடைத்தார். ஒரு பொய் எழுதியிருக்கலாம். ஊருக்கே தண்ணீர் கிடைத்திருக்கும். அந்த மனிதர் எழுதினது, 'இல்லை.'

அமிர்தவள்ளி அந்த மூன்று எழுத்தையும் கூட்டிப் படித்தாள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மூன்று மணி ரயில். "இன்னொரு தடவை என்னால வர முடியாது. சம்பந்தம் நிரூபணமாகலன்னுதான் எழுத முடியும்" என்று சொல்லி, காகிதத்தை மடித்தார். ஜட்காக்காரன் குதிரையைத் திருப்பிவிட்டான்.

பேசாமல் இருந்துவிடலாம். திங்கட்கிழமை வேலை இருக்கும். சாயங்காலம் மறுபடியும் பலகையைத் தூக்க வேண்டும். பேகம் வீட்டுக் கிணறும் வற்றிப் போனால் சந்திரா எதைக் குடிப்பாள்? இரண்டு பேருக்கு முன்னால் தாயாரம்மாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மடியில் கை இரண்டும் காலியாகக் கிடந்தன.

அமிர்தவள்ளி எழுந்தாள். சட்டப்படி முதலில் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவளுக்கு மயக்கம் கியக்கம் வருகிறதோ என்று ஆபீசர் பார்த்தார்.

"நான் பாத்தேங்க."

"என்னம்மா பார்த்தே?"

"பாக்கறது இன்னாங்க, தொறந்து வுட்டதே நான்தான். தை மாசத்துலேர்ந்து. மேஸ்திரி சொல்லித்தான் வுட்டேன், ஆனா வுட்டது நான்தான்."

சுந்தரமூர்த்தி சிரித்தார். "பொம்பளைக்கு வெயில்ல மூளை கலங்கிடுச்சு சார்."

"வாங்க, காட்டறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள். புல் கரணையைக் கையால் பிடுங்கிப் போட்டாள். மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவி, பலகையை இறுக்கியிருந்த ஆப்பை உருவினாள். பலகை சுலபமாக எழுந்து வந்தது. அதன் அடிப்பக்கம் சுண்ணாம்பு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. ஆபீசர் அதைச் சுரண்டி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார். மடித்த காகிதத்தைப் பிரித்து, நின்றபடியே எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினார். சங்கத்தில் கற்ற எழுத்தில் அவள் தன் பெயரைப் போட்டாள். கால்வாயைக் கல் வைத்துக் கட்ட உத்தரவு போடுவதாகவும், மேட்டில் வேறு கிணற்றுக்கு எழுதுவதாகவும் ஆபீசர் சொன்னார். ஜட்கா கிளம்பியது. மேஸ்திரி போகிற போக்கில், "திங்கக்கெழமை வர வேணாம்" என்றார்.

அவர்கள் போன பிறகுதான் நிஜமான பயம் பிடித்தது. அவள் கிணற்றடிக்குத் திரும்பி, சட்டப்படி தனியாக, நிழலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எதிரே அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை, பேசக்கூடாது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. காரித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பாள். கோபமா, அருவருப்பா, மன்னிப்பா? மூடிய கண்களில் எதைத் தேடுவது? சூரியன் நகர்வேனா என்றது. காலையில் நிம்மதியாக இருந்த அதே மௌனம் இப்போது அவளைத் தோலுரித்தது. சந்திரா ஓடிவந்து மடியில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனது.

ஒருவழியாகப் பொழுது சாய்ந்தது. காசிநாதன் மணியை அடித்தார். ஜனங்கள் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், ஒவ்வொருவராக வீட்டுக்கு நடந்தார்கள். தாயாரம்மாள் மட்டும் கல்லடிக்கு வந்தாள்.

"நீ தொறந்து வுட்டது தை மொதல்லயா, கடைசியிலயா?"

"பொங்கல் கழிஞ்சதுமேக்கா."

தாயாரம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். மாசிக் கடைசி வரை வந்ததும் விரல் நின்றது.

"பயந்துட்டேன்க்கா. வேல போய்டும்னு பயந்துட்டேன்" என்று அமிர்தவள்ளி அழுதாள்.

"ஊருக்குச் சொல்ல வேணாம்டி. எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றாள் தாயாரம்மாள். "பேகம் வூட்லேர்ந்து கொண்டாந்து ஊத்தியிருப்பேனே. அவன் ஒரு நாளைக்கு ஒரு சொம்புதான் குடிப்பான்."