நீலத்துக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு

1

அப்பா இப்போது எழுந்து வந்துவிடக் கூடாதே.

இந்த நினைப்புதான் முதலில் வந்தது, கதை பிறகுதான். யாருடைய நினைப்பு என்றுகூடத் தெரியவில்லை. எனாமல் பெயிண்டில் தின்னர் கலக்கும் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது. மதிய வெயில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இறங்க, நீலம் மேகம்போலச் சுருண்டு சுருண்டு அவிழ்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கத்தை வீணடித்தேன். (அந்தப் பக்கம் இங்கே இல்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.)

2

அவள் மாதிரிகள் செய்பவள். கப்பல், ரயில், விமானம், எதையும் மேசைமேல் அடங்கும்படி சுருக்கித் தருவாள். இப்போது செய்வது ஒரு பயணப் படகு, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. படகுக் கம்பெனியின் முன்கூடத்தில் வைப்பதற்கு. ஆர்டர் கொண்டுவந்தவன் அங்கேயே வேலை பார்க்கும் அவள் அண்ணன்.

அந்தப் படகை ஓட்டியவர் அப்பா.

படகின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டால் அதற்குமேல் ஆள் ஏற்றக் கூடாது. ஒரு வருஷம் புதுப் பெயிண்ட் அடித்தபோது, கம்பெனி அந்தக் கோட்டை ஒரு சாண் உயர்த்திவிட்டது. அப்பா கோட்டைப் பார்த்துத்தான் ஏற்றினார். படகு சாய்ந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றியதாக எழுதி அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோடு எப்போதும் அங்கேதான் இருந்தது என்றார்கள்.

அவளிடம் பழைய போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் கோடு கீழே. அவளும் கீழேதான் வரைந்தாள்.

3

"மூணு மில்லிமீட்டர்தானே? எறும்பு உயரம்கூட இல்ல. மேல ஏத்திப் போட்டுடு."

"போட்டோல கீழதாண்ணா இருக்கு."

"போட்டோவா எனக்குச் சம்பளம் குடுக்குது? திங்கக்கிழமை மானேஜர் பாப்பாரு. இது அவர் கண்ணுல பட்டா, நானும் உன் பக்கத்துல உக்காந்து பசை ஒட்ட வேண்டியதுதான்."

"உனக்கு அந்தப் பொறுமை ஏது?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் கீழ்க்கோட்டின் மேல் நீலத்தை ஓட்டினாள். ஒரு நாள் காய்ந்த பிறகும், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நிலா மாதிரி கோடு தெரிந்தது.*

* ஒரு துளியைக் கிண்ணத்தின் சுவரில் வைத்தால் பால்போல வழிய வேண்டும், அதுதான் பதம். அவள் கலந்தது தண்ணீராக ஓடியது. இருபது வருஷம் கலந்த கை அது. தவறிவிட்டதா, தவறவிட்டாளா? அவளை நான் சந்தேகிப்பது இந்த இடத்தில்தான்.

4

ஒரு முடிவு: அப்பா வந்து படகைப் பார்க்கிறார். அவர் கண்கள்— (வேண்டாம். அவரை அழவைக்க எனக்கு மனசு வரவில்லை.)

இன்னொன்று: மானேஜர் கோட்டைக் கவனித்து, கம்பெனி தன் தவறை— (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

மூன்றாவது: அண்ணன் கேட்கும் முடிவு. எழுதச் சுலபம். உண்மையைச் சொன்னால், நானும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

5

அண்ணன் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நீட்டினான். "தின்னரே வேண்டாம். அப்படியே கெட்டியா ஒரு இழுப்பு இழுத்துடு."

கெட்டியாக இழுத்தால் கோடு மறையும். ஊசிமுனையால் அவள் வைத்த நூற்றுக்கணக்கான ஆணித்தலைகளும் சேர்ந்து மூழ்கிவிடும்.

அடுத்த அறையில் அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் குரல் இறங்கியது.

"இது எனக்கு மட்டும் இனிக்குதுன்னு நெனைக்கிறியா? அப்பாவோட மாத்திரைகூட இந்தக் கம்பெனி சம்பளத்துலதாம்மா வருது."

அது உண்மைதான். அவளுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன்: 'நியாயம் என்பது—' அவள் அதைச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

பிரஷ்ஷை வாங்கினாள். அவள் அதைத் தின்னரில் அலசினாள், துணியில் துடைத்தாள், மயிர்முனையை விரலால் கூராக்கிக் குடுவையில் நிறுத்தினாள்.

"வேண்டாண்ணா," என்றாள்.

திங்கட்கிழமைக்கு ஒரு பத்தியாவது எழுதிவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான்.