தீர்த்தம்மாள் 1

பொம்மிடி கல்யாண மண்டபத்தில் கச்சேரி தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. தீர்த்தம்மாள் கீபோர்டைத் தொட்டால் லேப்டாப் வழியாக வந்த சத்தம் கரகரத்து, அறுந்து அறுந்து விழுந்தது.

"பத்து மணிக்குள்ள சரியாவலைன்னா கீழ எறங்கிக்கம்மா. பென் டிரைவ்ல பாட்டப் போட்டுக்கறேன்" என்றார் குழுவை நடத்தும் ரஞ்சித்குமார். "அந்த ஓசி லினக்ஸக் கட்டிக்கிட்டு அழுவாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? நல்ல லேப்டாப் வாங்க வக்கில்ல, மேடை வேற."

"வக்கில்லைங்கண்ணா. வெரலு இருக்குது. நான் எறங்க மாட்டேன்."

வாய் சொல்லிவிட்டது. முதல் மேடை. இன்று இறங்கினால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எவன் ஏற்றுவான்? பின்னால் தொங்கிய பேனரில்கூட எல்லார் பேரும் இருந்தது, அவள் பேர் இல்லை. முதலில் வாசி, அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தார் மனுசன்.

திரையில் அதே வரி மறுபடி வந்தது: ரியல்டைம் முன்னுரிமைக்கு அனுமதி இல்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஒலியை முதலில் ஓடவிடும் உரிமை அது. லேப்டாப்பின் 'ஆடியோ' குழுவில் பேர் இருப்பவருக்கே கிடைக்கும். நேற்றே பேரைச் சேர்த்து, கணக்கிலிருந்து வெளியேறி, மறுபடி உள்ளே வந்தும் பார்த்தாயிற்று. பிறகு என்ன கேடு இதற்கு?

அந்த 'ஆடியோ' குழுவின் பட்டியலைத் திறந்தாள். 'தீர்த்தம்மாள்' என்றுதான் இருந்தது. ஒரு நொடி வெறித்துப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

லேப்டாப் அத்தை கொடுத்தது. தீர்த்தமலைக்கு நேர்ந்துகொண்ட குடும்பம். தலைமுறைக்கு ஒரு தீர்த்தம்மாள். லேப்டாப்பில் இருந்த பழைய கணக்கு அத்தையுடையது. அதே பேர் ஏற்கெனவே இருந்ததால் இவள் தன் கணக்குக்கு 'தீர்த்தம்மாள்1' என்று வைத்திருந்தாள். அந்த ஒன்றை நேற்று அடிக்க மறந்துவிட்டாள். உரிமை முழுக்க நல்லம்பள்ளியில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த அத்தைக்குப் போயிருந்தது.

ஒன்றைச் சேர்த்து அடித்தாள். வெளியேறி உள்ளே வந்தாள். அதற்குள் ரஞ்சித்குமார் பென் டிரைவோடு சவுண்டு மிக்ஸர் பக்கம் குனிந்துவிட்டார்.

"கைய எடுங்கண்ணா" என்றவள், அவர் எடுக்கும்வரை காத்திராமல் வாசிக்க ஆரம்பித்தாள். பிசிறில்லாமல் ஒலித்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இலையை விட்டுவிட்டு நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா பண்ணுன?" என்றார் அவர், பென் டிரைவைப் பையில் போட்டபடி.

"என் பேரச் சேத்தேங்கண்ணா" என்றாள், விரலை நிறுத்தாமல். "இங்க சேத்துட்டேன். அந்த பேனர்ல நீங்க சேத்துடுங்க."