இரண்டாவது பிரௌசர்

ஹெப்ரான் முதலில் கம்ப்யூட்டரைத்தான் அடித்தான். அது அசையவில்லை. பிறகு ஹெப்சிபாவை அடித்தான்.

சபை மக்கள் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்குத் திரையில் போட வேண்டிய பாட்டுகளை அவன் ஏற்றிக்கொண்டிருந்தான். கமிட்டியில் கேட்டு வாங்கிய பொறுப்பு அது. பாதியில் எல்லாம் உறைந்து நின்றது. கேபினெட்டின் தலையில் குத்தினான். கை வலித்தது. வலித்த கையோடு திரும்பியபோது அவள் காபி டம்ளருடன் நின்றாள்.

"நீ என்னமும் நோண்டுனியாட்டி?"

"இல்லங்க."

அவ்வளவுதான் பேச்சு. உதடு கிழிந்தது.

நோண்டியது உண்மை. அவன் கடைக்குப் போன பகல்களில் அவள் அந்த மேஜையில் உட்காருவாள். அவன் பயன்படுத்தும் பிரௌசரைத் தொடமாட்டாள்; அதில் யார் எங்கே போனார்கள் என்று அவன் பார்ப்பான். அவள் போனையும் பார்ப்பான். அதனால் வேறொரு பிரௌசரை இறக்கி, மகள் ரீபாவின் வீட்டுப்பாட ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மகளின் வீட்டுப்பாடத்தை அவன் ஒரு நாளும் திறந்து பார்த்தவனில்லை.

அந்த இரண்டாவது பிரௌசருக்குள் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கணக்கு டீச்சர் வேலை. தங்க ஓர் அறை. ரீபாவுக்கு இரண்டாம் வகுப்பில் இடம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு இருக்கைகள். அன்று அவன் சபை ஆட்களோடு மணிமுத்தாறு போகிறான். இன்று செவ்வாய்.

"ரிப்பேருக்கு ஆள் வாரான்" என்றான் ஹெப்ரான், போனை வைத்துவிட்டு. "கேட்டா கதவு இடிச்சிட்டுன்னு சொல்லு."

வந்தவன் மேலப்பாளையத்து சல்மான் ஃபாரிஸ். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாதவன். கேபினெட்டைக் கழற்றியதும் சிரித்தான்.

"அண்ணாச்சி, உள்ள கெடக்குற தூசிய அள்ளுனா ஒரு தலகாணி தைக்கலாம் போலிருக்கே."

ஹெப்ரானும் சிரித்தான். வெளியாட்களிடம் அவன் நன்றாகச் சிரிப்பான்.

கேபினெட்டுக்குள் இருந்த சின்ன மின்விசிறியைத் துடைத்தான் சல்மான். யு.பி.எஸ்ஸின் வயிறு வீங்கிய பேட்டரியை எடுத்துத் தரையில் வைத்தான். செங்கல் கனம். வேறொன்று மாட்டினான். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் உச்சுக்கொட்டினான்.

"ரெண்டு ஆன்டிவைரஸா? ஒரே வாசல்ல ரெண்டு நாயக் கட்டிப்போட்ட மாதிரி ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கிட்டுக் கெடக்கு. மிஷின் எங்கன ஓடும்?" ஒன்றை நீக்கினான். தண்ணீர் கொண்டுவந்த ஹெப்சிபாவை நிமிர்ந்து பார்த்தான். "வாயில என்னக்கா?"

"கதவு இடிச்சிட்டு."

"லே, நீ வந்த சோலியப் பாரு" என்றான் ஹெப்ரான். சிரித்துக்கொண்டுதான்.

சல்மான் திரையைக் காட்டினான். "இந்த பிரௌசர் பூரா விளம்பரப் பட்டை ஒட்டிக் கெடக்கு. இதத் தூக்கிட்டு வேற போடுவோம். எது வேணும்?"

"எது வேகமா ஓடுமோ அதப் போடு."

"வேகமா ஓடுறது மெமரியத் தின்னும் அண்ணாச்சி. உங்களுது பழைய மிஷின், தாங்காது. இன்னொண்ணு இருக்கு. பைய ஓடும், ஆனா விளம்பரத்த வெளியவே நிறுத்திப்போடும். அதப் போடுதேன். பழசுல உள்ளதெல்லாம் இதுக்குக் கொண்டாந்துருதேன்."

அடுக்களை வாசலில் ஹெப்சிபா நின்றுவிட்டாள்.

"பழசெல்லாம் எதுக்கு தம்பி? புதுசாவே இருக்கட்டும்."

ஹெப்ரான் திரும்பினான். "ஒனக்கென்னட்டி அதுல?"

"சும்மா சொன்னேன்."

"அப்பிடி விட்டா நாளைக்கே எனக்குப் போன் வரும்க்கா" என்றான் சல்மான், விரல்கள் நிற்காமல். "பாஸ்வேர்டக் காணோம், பாத்த பக்கத்தக் காணோம்னு வைவாங்க. அதுனால மிஷின்ல எத்தன பிரௌசர் இருந்தாலும் அத்தனையிலயும் உள்ளத வழிச்சுக் கொண்டாந்துருவேன். எவனும் என்னயக் கொற சொன்னதில்ல."

"எத்தன இருக்கு?" என்றான் ஹெப்ரான்.

"ரெண்டு."

"ரெண்டா?"

சல்மான் அதற்குள் அழுத்திவிட்டான். புதிய பிரௌசர் திறந்தது. அடிக்கடி போன இடங்களைச் சின்னச் சின்னப் படங்களாக அது முகப்பிலேயே அடுக்கி வைத்தது. குன்னூர்ப் பள்ளிக்கூடம். பஸ் டிக்கெட். ஹெப்சிபா பேரில் ஒரு மெயில்.

சல்மான் படித்தான். அவள் உதட்டைப் பார்த்தான். அவன் குரல் மாறியது.

"அது வைரஸ் அண்ணாச்சி. கண்டதையும் காட்டும். இப்பம் அழிச்சிருதேன்."

ஹெப்ரான் அவன் கையின்மேல் கையை வைத்தான். மவுஸை எடுத்துக்கொண்டான். டிக்கெட் படத்தைத் தட்டினான். பாஸ்வேர்டும் கூடவே வந்திருந்தது. அதுவாகவே கட்டத்தை நிரப்பிக்கொண்டது. ஹெப்சிபா, பெண், முப்பத்து நான்கு. ரீபா, பெண், ஏழு.

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து மேஜை விளிம்பில் நெற்றியை மோதினான். மறுபடியும் மோதினான். புருவம் திறந்துகொண்டது.

"அண்ணாச்சி! விடுங்க, விடுங்க!" சல்மான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். ஹெப்ரானின் முழங்கை அவன் மூக்கை உடைத்தது. திறந்து கிடந்த கேபினெட்டின்மேல் விழுந்தான். தகடு அவன் முன்கையைக் கிழித்தது.

மேஜையில் கழற்றிப் போட்ட மின்வயர் கிடந்தது. ஹெப்ரான் அதை எடுத்து, முழங்காலில் சரிந்திருந்த அவள் கழுத்தில் பின்னாலிருந்து சுற்றினான்.

"குன்னூரா? இங்கன உனக்குப் புழுங்குதோ? எம் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுவியோ? சவத்து மூதி."

வயர் உள்ளே இறங்கியது. நாக்கு தடித்தது. அவள் கைகள் முதலில் வயரைப் பிறாண்டின. பிறகு தரையைத் துழாவின. பேட்டரி தட்டுப்பட்டது. இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி, பார்க்காமலே, பின்னால் அவன் பாதத்தின்மேல் முனைபடக் குத்தினாள்.

எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வயர் தளர்ந்தது. அவன் அலறியபடி சரிந்தான். அவள் திரும்பி மூட்டில் ஒன்று வைத்தாள். மூன்றாவது அடிக்குப் பேட்டரி அவன் முகத்துக்கு மேலே நின்றது. அவன் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தின் முன் விரித்தான்.

"அக்கா" என்றான் சல்மான். மூக்கிலிருந்து ஒழுகியதில் சொல் நனைந்திருந்தது. "போதும்க்கா. செத்துருவான். அப்புறம் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

அவள் பேட்டரியை எட்டத்தில் வைத்தாள். மூச்சு விசில் போல வந்தது.

அடி விழாது என்று தெரிந்ததும் ஹெப்ரானுக்கு வாய் திரும்பியது.

"போ. குன்னூருக்குத்தான போவ? அந்த ஸ்கூல் வாசல்லயே வந்து நிக்கேனா இல்லயா பாரு. மலை மேல ஏறுனா எனக்குத் தெரியாதோ?"

அவள் திரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் படம் அங்கே பளிச்சென்று இருந்தது. இத்தனை மாதம் அவள் ஒளித்து வைத்தது வேலையை அல்ல. அந்த ஊர்ப் பேரை. அது போய்விட்டது. ஒளிந்துகொள்ள இனி ஓர் இடம் தேட அவளிடம் தெம்பில்லை.

சல்மான் சுவரைப் பிடித்து எழுந்தான். "என்னாலதாங்க்கா. நா கேட்டிருக்கணும். ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"பாத்தியா, எல்லாத்தையும்?"

"பாத்தேன்."

"கேட்டா சொல்லுவியா?"

"சொல்லுவேங்க்கா. எங்கன வேணாலும்."

"அப்பம் வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வா."

தரையிலிருந்து ஹெப்ரான் அவள் சேலை நுனியைப் பிடித்தான். அவள் நிற்கவில்லை. துணி கிழிந்தது. கிழிசல் அவன் கையில் தங்கியது.

தெருமுனையில் ஆட்டோக்காரர் அவளைப் பார்த்ததும் இன்ஜினை முடுக்கினார்.

"ஐயோ, ஏறும்மா. எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"மொதல்ல ஸ்கூலு. பிள்ளைய ஏத்திக்கிடணும். பொறவு மகளிர் போலீஸ் ஸ்டேஷன்."

அவர் தோள் துண்டை எடுத்து நீட்டினார். "பிள்ள பாத்தா பயந்துரும்மா. துடைச்சிரு."

ரத்தம் புருவத்திலிருந்து கன்னம் வழியாகக் கழுத்துத் தடம்வரை இறங்கியிருந்தது. கண்ணுக்குள் போனதை மட்டும் புறங்கையால் எடுத்தாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஸ்டேஷன்ல பாத்து எழுதட்டும். பிள்ளைக்கு நா சொல்லிக்கிடுதேன்."