ரெண்டும் இருக்கட்டும்

"இந்த மெஷினுல மூடற பொத்தான எடது பக்கம் வச்சிருக்கான் பாருண்ணா. எடது கையால கும்புடு போட்ட மாதிரி!"

பரிமளா சொன்னது முதலாளி பாண்டுரங்கனிடம். விழவேண்டிய காது ஏஞ்சலுடையது.

ஏஞ்சல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கை பழகிட்டா எல்லாம் ஒரே பக்கந்தான்க்கா."

"பழகறதுக்கு எனக்கு இன்னா தலையெழுத்து? எனக்கு என் விண்டோசு கீது."

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது பாண்டுரங்கனின் டிடிபி கடை. ஜெராக்ஸ், பட்டா மனு, பயோடேட்டா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கல்யாணப் பத்திரிகை. பதினான்கு வருஷமாக அத்தனைக்கும் பரிமளாதான். "பரிமளாக்கா கீறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் படியேறுவார்கள். இல்லையென்றால் மறுநாள் வருவார்கள்.

சித்திரையில் பாண்டுரங்கனின் தம்பி மகன் சென்னையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு, பழைய ஆப்பிள் மேக்கைப் பெரியப்பா கடைக்கு அனுப்பி வைத்தான். அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே என்று தேடியதில் சாலவாக்கத்திலிருந்து ஏஞ்சல் வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு விளம்பர ஆபீசில் மூன்று வருஷம் இருந்தவளாம். அவள் மேசையை ஜன்னலோரம் போட்டார்கள். மின்விசிறியின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த வாரமே கல்யாணப் பத்திரிகைகளும் அந்தப் பக்கம் திரும்பின. பரிமளாவுக்கு மிஞ்சியது பட்டா மனுவும் கண்ணீர் அஞ்சலியும்.

"ஆவணி முகூர்த்தம் முடியற வரைக்கும் பாக்கலாம்மா," என்றார் பாண்டுரங்கன். "சரிப்பட்டா வச்சிக்கலாம். இல்லாங்காட்டி மெஷினும் வாணாம், ஆளும் வாணாம். நீ எப்பவும் போல பாத்துக்க."

அந்த 'எப்பவும் போல' வந்துவிட வேண்டும். பரிமளாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். பழையசீவரத்துப் பெருமாளிடம் வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரைக்கும் வந்தது. இதற்கெல்லாமா சாமியைக் கூப்பிடுவது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டாள். ஆனால் குறை கண்டுபிடிக்கக் கூச்சப்படவில்லை.

"ஏண்டி, உன் மெஷினுல சி டிரைவ், டி டிரைவ்னு ஒன்னுமே காணோம்?"

"அப்படிப் பிரிக்கலக்கா. எல்லாம் ஒன்னாத்தான் இருக்கும்."

"ரூமே இல்லாத வூடுன்னு சொல்லு. சமையலும் அங்கியே, குளியலும் அங்கியே."

இன்னொரு நாள் ஏஞ்சல் பென்டிரைவைத் தந்தபோது பரிமளா அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுக் கத்தினாள். "இது இன்னாடி, ஒவ்வொரு பைலுக்கும் பக்கத்துல புள்ளி வச்சிக்கினு ஒரு குட்டி பைலு? திறந்தா ஒன்னுமில்ல! காக்கா உக்காந்து எழுந்த மாதிரி உன் மெஷினு எச்சம் போட்டுட்டுப் போயிருக்குது."

ஏஞ்சலும் விடுகிறவள் இல்லை. "உங்க திரையில மட்டும் இன்னா வாழுதாம்? 'பைனல்', 'பைனல் ரெண்டு', 'கரெக்ட் பைனல்'... அது இன்னாக்கா, 'அய்யோ பைனல்'?"

"அது மாப்ள பேர மூணு தடவ மாத்துன பார்ட்டி."

பாண்டுரங்கன் தொப்பை குலுங்கச் சிரித்தார். பரிமளாவும் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று அன்று சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி முடிகிற வாரம் மானாம்பதி வேதகிரி வந்தார். சின்ன மகள் பிருந்தாவுக்குக் கல்யாணம். மூத்தவள் அகிலாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன் பரிமளா போட்ட பத்திரிகையை எடுக்கச் சொன்னார். "சொந்தக்காரங்க பேரு வரிசை அதே மாதிரி இருக்கணும். ஒன்னு முன்னபின்ன ஆனாலும் கல்யாணத்தன்னிக்கு வந்து பேஜார் பண்ணுவானுங்க."

"இதோ, ஒரு நிமிசம்ணா." பரிமளாவுக்கு இது கை வந்த வழி. டி டிரைவ். அதில் ஊர்வாரியாக ஃபோல்டர். மானாம்பதி. அதற்குள் வருஷம். அதற்குள் வீட்டுப் பேர். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவாள். ஆனால் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டிருந்தது. மானாம்பதியைத் திறக்க நீல வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதுவா, பாருங்க?" என்றாள் ஏஞ்சல்.

ஏஞ்சல் வந்த அன்றே பழைய பைல்களை எல்லாம் அதில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் பாண்டுரங்கன். எந்த ஊர், எந்த வருஷம் என்று ஏஞ்சலுக்குத் தெரியாது. தேடுகிற கட்டத்தில் வேதகிரி என்று அடித்தாள், அவ்வளவுதான். அகிலாவின் பத்திரிகை வந்து நின்றது.

"அட!" என்று வேதகிரி நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நாற்காலி இழுபட்ட சத்தம் பரிமளாவின் பல்லில் பட்டது. பதினான்கு வருஷம் அவள் அடுக்கிய அடுக்கு. வீட்டில் அஞ்சறைப் பெட்டியைக்கூட அவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவே வேண்டாம், பேரைச் சொன்னால் போதும் என்றால், தெரிந்து வைத்திருந்தவளுக்கு இனி என்ன மரியாதை?

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் நாள் காலையில் ஏஞ்சல் திரையில் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பிருந்தாவின் கல்யாணப் புடவையைப் போனில் படம் பிடித்து வாங்கி, அதன் கரையை அப்படியே பத்திரிகையைச் சுற்றி வரைந்திருந்தாள். அரக்குக் கரை, அதில் ஜரிகையில் அன்னங்கள். மூலையில் கரை திரும்புகிற இடத்தில் இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டிருந்தன.

பரிமளாவின் வீட்டில் தறி ஓடுகிறது. அவள் புருஷன் இதே அன்னத்தை எத்தனை புடவையில் ஓட்டியிருப்பான்! காலையில் காபி கொடுக்கும்போதும் அது தறியில் நீண்டுகொண்டிருக்கும். ஒரு நாளும், ஒரு பத்திரிகைக்கும், அவளுக்கு இது தோன்றவில்லை. தறியே இல்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"எப்படிக்கா கீது?"

"ம். செவப்பு தூக்கலா கீது," என்றாள் பரிமளா. சிவப்பு சரியாகத்தான் இருந்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு வராரு. அதுவரைக்கும் யாருக்கும் அனுப்பல, முழுசாக் காட்டணும். தாத்தா பாட்டி படம் நாலும் நீங்க ஸ்கேன் பண்ணிட்டா வேல முடிஞ்சிது. பிருந்தான்னு ஃபோல்டர் போட்டுக் குடுங்கக்கா. நான் சாப்ட்டு வந்து சேத்துக்கறேன்."

ஸ்கேனர் பரிமளாவின் பக்கம் இருந்தது. நாலு படத்தையும் எடுத்து, பிருந்தா என்ற ஃபோல்டரில் போட்டு, பென்டிரைவில் ஏற்றினாள். ஏஞ்சல் சாப்பிடப் போயிருந்தாள். பாண்டுரங்கன் வங்கிக்குப் போயிருந்தார். பென்டிரைவை அந்த மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

'இவ வந்து சேக்கணுமா? இதுல இன்னா பெரிய வித்தை?'

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். காற்று அங்கே நன்றாகத்தான் வந்தது. திரையில் ஏஞ்சலின் பிருந்தா ஃபோல்டர் இருந்தது. தன்னுடைய பிருந்தாவை இழுத்து அதே திரையில் விட்டாள். இதே பேரில் ஒன்று இருக்கிறதே, என்ன செய்யட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கேட்டது. அதில் மூன்று பொத்தான்கள்.

விண்டோஸில் அவள் ஆயிரம் தடவை செய்ததுதான். ஒரே பேரில் இரண்டு ஃபோல்டர் மோதினால், சரி என்று சொன்னால், புதிதில் இருப்பது பழையதற்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும். இங்கே 'ரீப்ளேஸ்' என்று இருந்தது. ஒரு கணம் கை நின்றது. போன் பக்கத்திலேயே கிடந்தது. கூப்பிட்டால் ஏஞ்சல் சொல்லித் தருவாள், பொறுமையாக, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்ததும் விரல் அழுத்திவிட்டது.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். நாலு படம். தாத்தா, பாட்டி, இன்னொரு தாத்தா, இன்னொரு பாட்டி. கரை இல்லை. அன்னம் இல்லை. ஐந்து நாள் வேலை இல்லை. குப்பைத்தொட்டியைத் திறந்தாள். அதிலும் இல்லை. சேரவில்லை, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, அது இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தியது. பரிமளா இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். அந்த உண்மைக்கு அடியில் கொஞ்சம் தித்திப்பும் இருந்தது.

மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. ஏஞ்சல் மெஷினைப் போட்டாள். பிருந்தாவைத் திறந்தாள். மூடித் திறந்தாள். தேடுகிற கட்டத்தில் பேரை அடித்தாள். அதே நாலு கிழவன் கிழவிகள். மறுபடி அடித்தாள்.

"அண்ணா," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "பத்திரிகையக் காணோம்."

பாண்டுரங்கன் வந்து குனிந்து பார்த்தார். "காணோம்னா? நல்லாத் தேடும்மா. இன்னொரு காப்பி வைக்கலியா?"

"நேத்தே வைக்கணும்னு இருந்தேன்ணா... கரண்டு போனப்ப இன்னா ஆச்சோ தெரியல. நாந்தான் எதையோ தெரியாம அழிச்சிட்டேன் போலக்குது."

"ஆறு மணிக்கு அந்த மனுசன் வந்து நிப்பாரு! நான் இன்னாத்தக் காட்டறது?" அவருக்குக் கோபம் வந்தால் காதுமடல் சிவக்கும். இப்போது சிவந்திருந்தது. "இதான் நான் பயந்தது. ஆவணி வரைக்கும்கூடப் பாக்க வாணாம். இந்த மெஷின மெட்ராசுக்கே அனுப்பிடறேன். நீயும் நாளைலேருந்து வர வாணாம்மா. பரிமளா, நீ அகிலா பத்திரிகையையே பேர மாத்திப் போட்டுடு."

எப்பவும் போல. கேட்டது கிடைத்துவிட்டது.

ஏஞ்சல் போன் சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டினாள். டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வலது கையையே பார்த்தாள், அந்தக் கைதான் செய்தது என்பது போல.

பரிமளாவுக்கு அதுதான் தாங்கவில்லை. இந்தப் பெண்ணை ஜெயிக்க வேண்டும் என்று அவள் ராத்திரி பகலாக நினைத்தது வாஸ்தவம். ஆனால் ஜெயித்தால் பத்திரிகையில் ஜெயித்திருக்க வேண்டும். இது ஜெயிப்பா? அன்னத்தை வரைந்த கை, தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு சாலவாக்கத்துக்கு பஸ் ஏறப் போகிறது.

"அவ அழிக்கலண்ணா," என்றாள். "நாந்தான்."

"இன்னா சொல்ற?"

"நான் ஸ்கேன் பண்ணத அதே பேர்ல அங்க போட்டேன். சேந்துக்கும்னு பாத்தேன். ரீப்ளேஸ் அடிச்சிட்டேன். கரண்டு போறதுக்கு முன்னாடியே தெரியும் எனக்கு."

ஏஞ்சல் பையைக் கீழே வைத்தாள். அழுகை நின்றுவிட்டது. "தெரிஞ்சும் இவ்ளோ நேரம் குந்திக்கினு இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதாக்கா? போன் பண்ணா சொல்லிக் குடுத்திருப்பேனே!"

"அதான்டி கேக்கல."

"அந்தப் பெட்டியிலயே போட்டிருந்துச்சே, 'கீப் போத்'னு! ரெண்டும் இருக்கட்டும்னு அர்த்தம். அத அமுக்கியிருந்தா உங்களுதும் இருந்திருக்கும், என்னுதும் இருந்திருக்கும்!"

"படிக்கத் தெரியும்டி எனக்கு," என்றாள் பரிமளா. ரெண்டும் இருப்பதுதானே இந்த நாலு மாசமாக அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது!

பாண்டுரங்கன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் பரிமளாவை அவர் அப்படிப் பார்த்ததில்லை. "உங்கிட்ட அப்பறம் பேசிக்கறேன்," என்றார். பிறகு ஏஞ்சலிடம், குரலைத் தணித்துக்கொண்டு, "நீ இரும்மா. இப்ப இன்னா பண்றது?"

ஏஞ்சல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மூணு மணி நேரம் கீது. புடவ போட்டோ போன்ல கீது. போட்டுடறேன். பேரு வரிசைய மட்டும் அவங்கள அடிக்கச் சொல்லுங்க."

'அவங்கள' என்றாள். அக்கா இல்லை. பரிமளா வாங்கிக்கொண்டாள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், பங்காளி என்று நாற்பத்திரண்டு பேரை ஒரு எழுத்து பிசகாமல் அடித்து, பென்டிரைவை அந்த மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். செருகவில்லை.

நின்ற இடத்திலிருந்து திரை தெரிந்தது. அன்னங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. காலையில் பார்த்ததைவிடக் கழுத்து இன்னும் வளைவாக, இன்னும் உயிராக. 'பாழாப்போனவளுக்கு ரெண்டாவது தடவ இன்னும் நல்லா வருது!' என்று மனசுக்குள் பொருமினாள். செய்த தப்புக்கு வெட்கம் ஒரு பக்கம். இது இன்னொரு பக்கம். ஒன்று வந்ததற்காக மற்றது போய்விடவில்லை.

ஆறேகாலுக்கு வேதகிரி வந்தார். பிரிண்ட் எடுத்த தாளை இரண்டு கையாலும் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலால் கரையைத் தொட்டுக்கொண்டே மூலை வரை போனார்.

"எம் பொண்ணு புடவ!" என்றார். "அதே கரை! யாரு போட்டது இத? பரிமளா, நீயா?"

கேட்டதில் தப்பில்லை. அவருக்குப் பத்திரிகை என்றால் பரிமளாதான். பாண்டுரங்கன் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏஞ்சல் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இல்லண்ணா," என்றாள் பரிமளா. "இந்தப் பொண்ணு. ஏஞ்சலு. சாலவாக்கம்."

"அப்படியா? அப்ப மாப்ள வூட்டுப் பத்திரிகையும் இந்தப் பொண்ணையே போடச் சொல்லிடும்மா."

"சொல்றேன்." பரிமளா ஆர்டர் நோட்டை எடுத்து, ஏஞ்சல் பேரிலேயே எழுதினாள்.

ஏஞ்சல் மவுஸை விட்டுக் கையை எடுக்காமல் சொன்னாள். "பேரு வரிசை நீங்க அடிச்சதுக்கா. அதையும் சொல்லுங்க."

"வாய மூடிக்கினு அடுத்த காப்பியப் போடுடி."