பெயரின் மேல் ஒரு கோடு

என் வீட்டுக்காரர் செல்வதாஸுக்குக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. வருகிற ஷீட்டை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார். குமிழோ பூஞ்சையோ தெரிந்தால் மேல் மூலையில் நீலப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு. கோடு விழுந்த ஷீட் தனியாக ஒதுங்கிவிடும். கொண்டுவந்தவர் சொந்தக்காரர் ஆனாலும் மறுபேச்சு கிடையாது. அதே கடையில் தராசுப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான், நேசபாய். அந்தக் கோட்டைப் பார்த்து எத்தனை முகங்கள் வாடின என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஒரே மகள் பிரீனா அயர்லாந்தில் நர்ஸ். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் போன் செய்து, கூட வேலை பார்க்கும் ஒரு ஹங்கேரிக்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும், "பேரு என்ன மக்ளே?" என்று கேட்டேன். சொன்னால் விளங்காது என்று எழுதி அனுப்பினாள். András என்று வந்தது. இவர் என் கையிலிருந்து போனை வாங்கித் தூரத்தில் பிடித்து, ஷீட் பார்ப்பதுபோலவே ஒரு கண்ணை இடுக்கினார்.

"இதென்னட்டி, எழுத்துக்கு மேல கோடு போட்டிருக்கு? அவனுவளுக்கு வேண்டாம்னு கழிச்சுப் போட்ட சரக்கா? அதையா நம்ம தலையில கெட்டுதா?"

போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு மனுசன்ப்பா. ஷீட்டு இல்ல" என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மகள் என்னோடு பேசுவாள், அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்கமாட்டாள். இவர் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். ஈஸ்டர் போய் மழைக்காலமும் வந்துவிட்டது. பையனும் நம்மைப் போல சீர்திருத்தச் சபைக்காரன்தான் என்று சொன்னேன். போட்டோவில் நல்ல லட்சணமாக இருக்கிறான் என்றும் சொன்னேன். இவருக்கு அவன் வெறும் 'கோட்டுக்காரன்'. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நீலப் பென்சிலை ஒருநாள் அடுப்பில் போட்டேன். மறுநாள் புதுசு வாங்கிவந்துவிட்டார்.

கல்யாணம் குலசேகரத்தில் எங்கள் சபைக் கோவிலில்தான் நடக்கவேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். கோவிலில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சபை முன்னால் அறிவிப்பது. ஓலை போய்த் தாள் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன, பேச்சில் மட்டும் ஓலை ஓலையாகவே இருக்கிறது. எங்கள் சபையில் ஒரு வழக்கமும் உண்டு. தன் ஓலை வாசிக்கிற நேரத்தில் பெண் கோவிலுக்குள் இருக்கக்கூடாது.

எங்கள் சபையில் ஓலை வாசிக்கிறவர் சபைச் செயலர். செயலர் யார் என்றால் இவரேதான். எத்தனையோ வருஷமாக வாசிக்கிறார், ஒருவர் பெயரையாவது தடுமாறிச் சொன்னதில்லை. முந்தின இரவே உரக்கச் சொல்லிப் பழகிக்கொள்வார். அதில் அப்படியொரு பெருமை.

"நான் வாசிக்க மாட்டேன். எபிசன் வாசிக்கட்டும்" என்று போதகரிடம் சொல்லிவிட்டார். எபிசன் உதவிச் செயலர். அப்பனே மகள் ஓலையை வாசிக்காமல் உட்கார்ந்திருந்தால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்காதா? கல்யாணம் எப்படியும் நடக்கும். ஆனால் அப்பா இல்லாத கல்யாணமாக நடக்கும். அதை நினைத்து நினைத்து நான் தூக்கம் கெட்டேன்.

முதல் ஓலைக்கு முந்தின நாள் எபிசன் கடைக்கு வந்து, "ஆண்ட்ராஸ்னு சொன்னா போதுமா அண்ணே?" என்று கேட்டான். இவர் கையிலிருந்த ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அவன் போன பிறகு ஷீட் அடுக்கைத் தட்டிக்கொண்டே, "ஆண்ட்ராஸாம். கோடு எதுக்குப் போட்டிருக்குன்னு கேக்கத் தெரியுமா அவனுக்கு?" என்று முணுமுணுத்தார்.

கொஞ்ச நேரத்தில், "தக்கலை வரைக்கும் ஒரு சோலி இருக்கு. வாறியா?" என்றார். போனோம். கார் தக்கலையில் நிற்காமல் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் போய் நின்றது.

"இஞ்சேருங்க, இங்க என்ன சோலி?"

"சும்மா இரி."

செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வெளிநாட்டுக்காரர்கள் ஷூவைக் கழற்றக் குனிகிற இடம் அது. ஒரு வெள்ளைக்காரப் பெண் குனிந்ததும், சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து அவள் மூக்கின் கீழ் நீட்டினார். அதில் பெயர் எழுதியிருந்தது. கோட்டை மட்டும் நீலப் பென்சிலால் போட்டிருந்தார்.

ஷார்ஜாவில் கொஞ்ச காலம் இருந்தவர். அவருக்கு இங்கிலீஷ் பயம் இல்லை, இங்கிலீஷுக்குத்தான் அவரைக் கண்டால் பயம். "மேடம், திஸ் நேம், ஹவ்?" என்றார்.

அந்தப் பெண் ஸ்பெயின்காரி. சிரித்துக்கொண்டே "அந்த்ராஸ்" என்றாள், 'ராஸை' ஓங்கி அடித்து. எங்கே அழுத்தவேண்டும் என்று காட்டத்தான் அந்தக் கோடு, மற்றபடி எழுத்து அதே எழுத்துதான் என்றாள். இவருக்குத் திருப்தி. கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் கடையில் ஒரு ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கட்டுக்கு விலை சொல்கிற ஆள் இல்லையே இவர். பின்னாலேயே வந்த நெட்டை மனிதரையும் நிறுத்தினார். அவர் செக் நாட்டுக்காரர். அழுத்துவதெல்லாம் எங்கள் ஊரில் எப்போதும் முதல் அசையில்தான், கோடு போட்டால் இழுக்கவேண்டும் என்று சொல்லி, "அந்த்ராஆஸ்" என்று இழுத்துக் காட்டினார்.

"அந்தப் பொம்பள அழுத்தச் சொல்லுதா, இவன் இழுக்கச் சொல்லுதான். ஒரே கோடுதானே? ஆளுக்கொரு நியாயமா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், கோட்டை நான் போட்டதுபோல.

"அயர்லாந்துலயும் இதே கோடு உண்டாம். பிரீனா சொன்னா. தெருப்பலகையில எல்லாம் பாத்திருக்காளாம்" என்றேன்.

"அவ உன்கிட்ட என்னல்லாம் சொல்லுதா" என்றார். குரல் இறங்கிவிட்டது. மகள் தன்னிடம் சொல்லாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்ததுபோல இருந்தது அவர் முகம். எனக்குப் பாவமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியாக வந்தது வியட்நாமிலிருந்து மாணவிகள் கூட்டம். அதில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி தாளை வாங்கிப் பார்த்து, எங்கள் எழுத்திலும் இது நிறைய உண்டு என்றாள். கோடு இருந்தால் கேள்வி கேட்பதுபோலக் குரல் மேலே ஏறவேண்டுமாம். 'மா' என்று சமமாகச் சொன்னால் பேய், கோடு போட்டுக் குரலை ஏற்றினால் அம்மா. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் இரண்டும் நான்தான்.

இவர் சிரிக்கவில்லை. "அப்போ இதுல எதுதான் சரி?" என்றார்.

அந்தப் பெண் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எழுத்தை மட்டும் பார்த்தால் தெரியாதே அங்கிள். இது யாருடைய பெயர்?" என்று கேட்டாள்.

இவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே அரண்மனைக் கூரையைப் பார்த்தேன்.

"மை... சன் இன் லா" என்றார்.

இத்தனை மாதமாக வீட்டிலே வராத சொல், முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கேட்டதும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "அப்படியானால் அவரிடமே கேட்கலாமே!" என்று சிரித்துவிட்டுத் தோழிகளோடு உள்ளே போய்விட்டாள்.

விட்டால் மனம் மாறிவிடுவார் என்று, பிரீனா கொடுத்திருந்த அவன் நம்பரை என் போனில் அழுத்தி இவர் காதில் வைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

இவர் தன் பெயரைச் சொன்னதும், "வணக்கம் மாமா" என்று கேட்டது. பிரீனா சொல்லிக்கொடுத்திருப்பாள். இவருடைய போன் என்றைக்காவது வரும் என்று அதை அவன் பழகி வைத்திருந்தான்போல.

"யுவர் நேம்" என்றார் இவர். "ஸ்லோலி."

அவன் சொன்னான். இவர் சொன்னார். அவன் திருத்தினான். முதல் எழுத்துக்குக் கோடு கிடையாது, அதற்கு உதட்டைக் குவிக்கவேண்டும், கிட்டத்தட்ட 'ஒ' மாதிரி. கோடு போட்ட எழுத்துக்கு வாயை நன்றாகத் திறக்கவேண்டும். கடைசியில் 'ஸ்' இல்லை, 'ஷ்'. அரண்மனை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, இந்த மனிதர் வாயைக் குவிப்பதும் திறப்பதுமாக நின்றார். "ஒந்த்ராஷ். ஒந்த்ராஷ்." அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. இவர் "ஓகே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரில் ஏறியதும், "எபிசனுக்குச் சொல்லிக் கொடுக்கணும்லா. நாளைக்குக் கோவில்ல வச்சு நாலுபேரு சிரிக்கப்பிடாது" என்றார்.

"ஆமா, எபிசனுக்குத்தான்" என்றேன்.

மறுநாள் கோவில் நிறைந்திருந்தது. விஷயம் ஊருக்கே தெரியும். செல்வதாஸ் மகள் ஓலையைச் செல்வதாஸ் வாசிக்கமாட்டாராம் என்று தெரிந்து, வழக்கமாகப் பிரசங்கத்துக்கு வந்து சேருகிறவர்கள்கூட முதல் பாட்டுக்கே வந்திருந்தார்கள். அறிவிப்பு நேரம் வந்ததும் எபிசன் தாளோடு எழுந்தான். ஆண்கள் பக்கத்தில் இவரும் எழுந்தார். நடந்து போய் அவன் கையிலிருந்து தாளை வாங்கினார். அவன் விலகிக்கொண்டான்.

இவர் கண்ணாடியைப் போட்டார். ஹங்கேரி நாட்டு மணமகன் பெயரை வாசித்தார். ஒந்த்ராஷ். ஒரு பிசிறும் இல்லை. பிறகு, குலசேகரம் சபை செல்வதாஸ், நேசபாய் தம்பதியின் மகள் பிரீனா. மகள் பெயரில் குரல் கொஞ்சம் இடறியது. கஷ்டப்பட்டுப் பழகியது ஒன்று, இடறியது இன்னொன்று.

தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று வாசித்துவிட்டு வழக்கம்போல நிறுத்தினார். அந்த நேரத்தில் எப்போதும் யாராவது இருமுவார்கள். அன்று ஒருவரும் இருமவில்லை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை யார் என்று எல்லாருக்கும் தெரியும், அவர்தான் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நான் கைக்குட்டையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது.

"எனக்கும் இல்ல" என்றார் இவர், மைக்கில்.

அது எந்தத் தாளிலும் கிடையாது. போதகர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் அழுதேன். பக்கத்தில் இருந்த ராகேல் என் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் போன் அடித்தது. பிரீனா. எடுத்துப் பேசாமல் அப்படியே இவர் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் அழுகை எனக்கே கேட்டது. கோவில் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது.

"ஏட்டி," என்றார் இவர், "ஓலை வாசிக்கும்போ பொண்ணு கேக்கப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

ஈஸ்டருக்குப் பிறகு அப்பா மகளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கோவிலுக்குள்ளதானேப்பா இருக்கப்பிடாது" என்றாள் அவள்.