வட்டமிட்ட எட்டு நாள்

குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீருக்குள் முழங்கைவரை இரண்டு கைகளையும் விட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பதில் தடுக்கியது. மறுபடியும் நூறு. வெளியே கணவன் மகளின் பெட்டிக்கு ஜிப் போடும் சத்தம் கேட்டது.

கோபத்தை இறக்கும் இந்த வழிகளை அவளுக்கு யாரும் நேரில் சொல்லித்தரவில்லை. பல்செட் செய்யும் லேபில் வேலை. மாதவிலக்குக்கு முந்தைய எட்டு நாளும் வேறு ஆளாகிவிடுவாள். மெழுகில் வரிசையாகப் பதித்த பற்களைச் சுவரில் விட்டெறிந்திருக்கிறாள். ஒருமுறை மகளின் ஜடையைப் பிடித்து இழுத்தவள், கையோடு வந்த முடியைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். டாக்டர், எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கிறதுதான் என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். பிறகுதான் போனில் தேடி அந்தப் பன்னிரண்டு வாரப் பயிற்சியைப் பிடித்தாள். தினமும் மனநிலைக்குப் பத்துக்கு மதிப்பெண். கோபம் வந்தால் நோட்டில் மூன்று கட்டம்: என்ன நினைத்தேன், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம். மூன்றாம் மாதம் கை ஓங்குவது நின்றது. மகள் தானாக வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள் என்றது பயிற்சி. கணவனிடம் சொன்னாள். அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டான். மறுநாளே ஃபிரிட்ஜில் காலண்டர் ஒட்டி, எட்டு நாளையும் சிவப்பில் வட்டமிட்டான். அதிலிருந்து அவள் எது சொன்னாலும் அவன் முகம் காலண்டர் பக்கம் திரும்பியது. குடித்துவிட்டு மகளைப் பின்னால் வைத்து வண்டி ஓட்டினீர்களாமே என்று கேட்டபோதும் அப்படித்தான். யார் சொன்னது என்று மட்டும் விசாரித்தான். பாப்பாதான் சொன்னாள் என்று இவளும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் மகளை விடுதியில் சேர்க்கும் பேச்சு வந்தது. அதை எடுத்ததும் வட்டமிட்ட நாளில்தான், படிவத்தில் அவன் கையெழுத்துப் போட்டதும் வட்டமிட்ட நாளில்தான், பெட்டி கட்டும் இன்றும் வட்டமிட்ட நாள்தான். அந்த நாட்களில் வாதாடக் கூடாது, முடிவெடுக்கக் கூடாது என்பது பயிற்சியின் விதி. அவள் வாதாடவில்லை. தண்ணீருக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாதவிலக்கு முடிந்த நான்காம் நாள், மனநிலைக்கு ஒன்பது போட்டுவிட்டு, நிதானமாக அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. இப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. "நீயே சொன்னா ஆச்சா? பிள்ளை முடியைப் பிடுங்கினேன்னு நீதான உன் கைப்பட நோட்டுல எழுதி வச்சிருக்க. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஹாஸ்டல்ல குடுத்திருக்கேன்."

அவன் எழுந்து போனபின் நோட்டைத் திறந்தாள். குடித்து ஓட்டியதைச் சொன்னதற்காகத்தான் பாப்பாவை அனுப்பினான் என்று நினைத்ததை எழுதினாள். ஆதாரக் கட்டம் நிரம்பி ஓரத்திலும் வழிந்தது. எதிராக எழுத ஒரு வரியும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுதியின் பார்வையாளர் அறையில் மகள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். அந்த இரண்டு வாரத்தில் இளைத்திருந்தாள். உட்காரேன்டி என்றதற்குத் தலையாட்டி மறுத்தாள்.

"உனக்கு இன்னிக்கு எத்தனாவது நாளும்மா? கேட்டுட்டுத்தான் பக்கத்துல உட்காரணும்னு அப்பா சொன்னாங்க."

மாதவிலக்கு தொடங்கிப் பதினொன்றாம் நாள் என்றாள் அவள்.

வட்டமிட்ட நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பக்கத்து மேசையில் யாரோ ஒரு அம்மா ஆரஞ்சு உரித்துச் சுளைசுளையாகத் தன் பிள்ளையின் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.