வில்லன் நாற்பதாவது மாடியில்

உலகம் அழிவதைப் பார்க்க லிஃப்ட் மெக்கானிக் நான்கு நாள் விடுப்பு எடுத்தார். காரணம், முதுகுவலி என்று எழுதிக்கொடுத்தார். முதுகு அப்போது கல்லுமாதிரி இருந்தது.

அவ்வளவு விளம்பரம் அந்த வீடியோ கேமுக்கு. எல்லையில்லாப் பாழ்நிலம், இருநூறு வகைத் துப்பாக்கி, மனித குலத்தின் கடைசி நம்பிக்கை நீங்கள்தான் என்றெல்லாம். இவர் வீடு இரண்டாவது மாடி; அதே கட்டடத்தில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, உதட்டைப் பிதுக்கினான்.

"விளம்பரத்தோட சரி மாமா. பக்கா மொக்கை."

"மொக்கையா இருந்தா ஹால் டிவியை நீயே தூக்கிட்டுப் போடா!"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சாட்சி கிடைத்துவிட்டது.

முதல் நாள், கடைசி நம்பிக்கையிடம் ஒரு கிழவர் தண்ணீர் பம்பை ரிப்பேர் செய்யச் சொன்னார். அடுத்து ஒரு அம்மாள் தொலைந்துபோன ஸ்பேனரைத் தேடித் தரச் சொன்னாள். அதற்கடுத்து ஒருவருக்கு ஜெனரேட்டர். உலகமே அழிந்தும் கம்ப்ளெயின்ட் மட்டும் அழியவில்லை. துப்பாக்கிகள் பையில் தூங்கின.

இரண்டாம் நாள்தான் வில்லனின் கோபுரம் வந்தது. அவன் இருப்பது நாற்பதாவது மாடியில். கீழே ஒரு லிஃப்ட், விளக்கெல்லாம் எரிய, கதவைத் திறந்துகொண்டு நின்றது. உலகம் அழிந்து இருநூறு வருஷம். ஊரில் கரண்ட் இல்லை. இரும்புக் கயிறெல்லாம் துரு.

'ஏறவும்' என்றது திரை.

"ஏறுவேனா?" என்றார் இவர்.

சோதிக்காத லிஃப்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கால் வைக்காதவர். மோட்டார் ரூமைத் தேடினார், இல்லை. மாடிப்படியைத் தேடினார். படிக்கதவு சுவரில் வரைந்த வெறும் படம். மனித குலத்தின் கடைசி நம்பிக்கை ஒன்றரை நாள் லிஃப்ட் வாசலிலேயே நின்றது.

"எப்படிப் போகுது மாமா?" மச்சான் தினமும் எட்டிப் பார்த்தான்.

"பிரமாதம்டா! வில்லன் நடுங்கறான்."

மூன்றாம் நாள் மத்தியானம் கட்டடத்தின் நிஜ லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளேயிருந்து மச்சானின் அலறல். இவர் முகத்தில் மூன்று நாளாக இல்லாத களை வந்தது. டூல் பையோடு பறந்தார். நான்காம் மாடிக் கதவை ஒரு சாண் நெம்பியதும், தரையோடு தரையாக மச்சானின் நெற்றி தெரிந்தது.

"மாமா, சீக்கிரம்! மூச்சு முட்டுது!"

"ஃபேன் ஓடுது, முட்டாது. கேம் சூப்பர்னு சொல்லு, திறக்கறேன்."

"அக்கா! பாரேன் இவரை!"

மனைவி படியில் வந்து நின்றாள், யார் பக்கமும் சாயாமல்.

"சூப்பர் மாமா, சூப்பர்! வில்லனை எப்படிக் கொன்னீங்க? அதையாவது சொல்லுங்க."

பொய் நுனிநாக்குவரை வந்தது. ஆனால் தொழில் விடவில்லை.

"எங்கடா கொல்றது? மேல போகவே இல்லை. அந்த லிஃப்டைப் போய்ப் பாரு, கயிறு பூரா துரு, பிரேக்கே கிடையாது. அதுல மனுஷன் ஏறுவானா? எவன்டா அதுக்கு சர்டிஃபிகேட் கொடுத்தான்?"

"அப்போ மொக்கைதான்" என்றாள் மனைவி.

மச்சான் வெளியே வந்தான். லிஃப்ட் நல்லபடியாக ஓடியது. இவரே ஏறி, இறங்கி, குதித்துக் காட்டினார்.

"இனிமே நான் இதுல கால் வைக்க மாட்டேன் மாமா. டிவியைப் படியிலயே தூக்குவோம். நீங்க அடிப்பக்கம் பிடிங்க."

இரண்டிலிருந்து ஆறு, நான்கு மாடி.

நான்காம் நாள் விடுப்பில் பொய் எதுவும் இல்லை. குப்புறப் படுத்திருந்தார், மனைவி தைலம் தேய்த்தாள்.